பட்டுப் பசையும் தோலின் மதிலும்

தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் சந்திக்கும் எல்லையில் உள்ளது குப்பம். அவ்வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் பல. புழு கூடு கட்டும்போது ஃபைப்ராயின் என்னும் இழையைச் செரிசின் என்னும் பசையால் ஒட்டுகிறது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே. பட்டு மென்மையுற வேண்டுமாயின், சோப்பும் சோடாவும் கலந்த நீரில் காய்ச்சி இதனை நீக்க வேண்டும். இவ்வாறு கழிவாகச் சென்ற செரிசின், இன்று 'சீரம்' என்ற பெயரில் சிறு புட்டிகளில் விற்கப்படும் முகப்பூச்சுகள் சிலவற்றில் சேர்கிறது. (மருத்துவத்தில் சீரம் என்பது குருதியின் தெளிநீர். இப்புட்டிகளுக்கு அதனோடு பெயரளவிலன்றி உறவேதுமில்லை.)

இப்பூச்சுகள் தோலின் ஆழம்வரை ஊடுருவும் என்று விளம்பரம் கூறுகிறது. எல்லாப் பொருளும் ஊடுருவுமா?

நம் முகத்தோலின் மேற்படலம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனமும் இராது. எனினும் அது வலிய மதில். உயிரற்ற அணுக்கள் செங்கற்களாகவும், அவற்றினிடையே கொழுப்புச் சாந்தாகவும் அமைந்துள்ளன. நீர் வெளியே வற்றாமலும் நஞ்சு உள்ளே புகாமலும் காப்பது இதுவே. இம்மதிலைக் கடக்க மூலக்கூறு 500 டால்ட்டனுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி ஆகிய இருவர் எடுத்துரைத்த விதி. ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்ட்டன் எனக் கொள்க. நியாசினமைடு 122, வைட்டமின் சி 176, ரெட்டினால் 286. இவை நுழையத் தக்கவை.

எடை குறைந்தால் மட்டும் போதாது. வைட்டமின் சி நீரை நாடும் பொருளாதலின் கொழுப்புச் சாந்து அதனைத் தடுக்கிறது. நல்ல புளிப்புள்ள கரைசலாக இருந்தாலன்றி உட்செல்வதில்லை. ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறிய புட்டியால் பயனுமில்லை. ரெட்டினால் கொழுப்பில் கரைவதால் எளிதில் புகுந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைப் பெருக்கத் துணைசெய்கிறது. கருவுற்ற பெண்கள் அதனைத் தவிர்க்க வேண்டும்.

செரிசினோ பல்லாயிரம் டால்ட்டன் எடையுள்ளது, உள்ளே செல்லாது. மேலே மெல்லிய ஏடாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். தில்லி போன்ற இடங்களின் வறண்ட குளிர்காலத்திற்கு அதுவே பேருதவி. முகம் ஈரமாக இருக்கும்போதே தடவி, மேலே சிறிது கிரீம் பூசுவது நன்று. ஊடுருவாத பொருளை ஊடுருவும் என்று கூறி விலையேற்றுவதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

விரைவில் ஊடுருவும் பொருளிடத்தே நமக்கு அச்சம் மிகுதி. திருமணம் நெருங்கும் பெண்களும் வேலைக்கு நேர்காணல் செல்லும் இளைஞர்களும் சில நாளில் நிறம் வெளுக்கும் என்று நம்பிப் பூசும் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. பீட்டாமெத்தசோன் வேலரேட்டின் எடை 476, மதிலைக் கடந்துவிடும். நாளடைவில் தோல் மெலியும், செந்நாளங்கள் தெரியும், பரு பெருகும். நிறுத்தினாலோ முகம் எரியும். 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என மைய அரசு 2018-இல் விதித்தது. ஏற்கெனவே பூசி வருவோர் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரை அணுகுக. புதிதாக வாங்குவோர் 'மெத்தசோன்', 'மொமெட்டசோன்', 'க்ளோபெட்டசால்' என்ற பெயர்கள் உள்ளனவா என்று பார்க்க. அவை பெட்டியின் பக்கவாட்டில் மிகச் சிறிய எழுத்தில்தான் இருக்கும்.