அஞ்சல் ஏன் புறப்படவில்லை?

மாணவர் மன்றங்கள் பலவற்றுக்கு இன்று சொந்த யூனிக்ஸ் சர்வர் உண்டு. அதனைக் கவனிக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் கை மாறுகின்றது. பொங்கல் விழா அழைப்பும், உறுப்பினர்க்குரிய அறிவிப்பும், சிலவேளை ஒரு மாணவரின் வேலை விண்ணப்பமும் அதன் வழியே செல்கின்றன. அஞ்சல் நின்றுவிட்டால், பொறுப்பேற்றவர் முதலில் பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். பிறகு அமைப்புக் கோப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார். நோயின் முதலை நாடாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும் இது.

அஞ்சல் நின்றதற்குக் காரணம் அஞ்சல் நிரலிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. பல வேளைகளில் குறை, பெயர் தேடும் முறையில் இருக்கும். அது எவ்வாறு என்று பார்ப்போம்.

இணையத்தில் பொறிகள் எண்களால் அறியப்படுகின்றன. நாமோ பெயர்களால் அறிகின்றோம். தொடக்க நாட்களில் எல்லாப் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பட்டது. பொறிகள் பெருகவே அம்முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயர்களைப் பகுத்து அவரவர் பொறுப்பில் ஒப்படைக்கும் டொமைன் முறையை வகுத்தார். ஒரு டொமைனுக்குரிய அஞ்சலை எந்தப் பொறி வாங்கும் என்று கூறும் 'எம்எக்ஸ்' குறிப்பு 1986-இல் வரையறுக்கப்பட்டது.

ஆதலின் அஞ்சல் புறப்படுமுன் இரண்டு வினாக்களுக்கு விடை வேண்டும். இந்த டொமைனின் அஞ்சலை வாங்கும் பொறி எது? அப்பொறியின் எண் யாது? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே நம் சர்வர் அப்பொறியின் 25-ஆம் போர்ட்டை அணுகும்.

முதலாவதாக, எதையும் மாற்றாமல் படியுங்கள். 'மெயில்க்யூ' என்ற கட்டளை, வரிசையில் தங்கிய அஞ்சல்களையும் அவை தங்கிய காரணத்தையும் காட்டும். அஞ்சல் பதிவேட்டிலும் அதே காரணம் இருக்கும். 'பெயர் கிடைக்கவில்லை', 'இணைப்புக்குக் காத்திருந்து நேரம் கடந்தது', 'மறுமுனை ஏற்க மறுத்தது' என்பன மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

பெயர் கிடைக்கவில்லையெனில், வெளியிலுள்ள ஒரு பொறியை அதன் எண்ணால் அழைத்துப் பாருங்கள். எண்ணால் அடைய முடிந்து, பெயரால் முடியவில்லையானால், இணைப்பு நன்றாக உள்ளது. பெயர் தேடலே பழுது. இப்போது 'டிக்' கட்டளையால் அந்த டொமைனின் எம்எக்ஸ் குறிப்பைக் கேளுங்கள். 'அப்படியொரு பெயர் இல்லை' என்று வந்தால் அதுவும் ஒரு விடையே. எழுத்துப் பிழை உண்டா என்று பாருங்கள். 'விடை காண இயலவில்லை' என்று வந்தாலோ, மௌனமே வந்தாலோ, குறை பெயர் சர்வரிடம் இருக்கலாம். வேறொரு பெயர் சர்வரைக் கேட்டு ஒப்பிட்டால் உண்மை விளங்கும்.

எந்தப் பெயர் சர்வரைக் கேட்பது என்று 'ரிசால்வ்.கான்ஃப்' என்ற கோப்பு சொல்கின்றது. லினக்ஸில் வழக்கமாக மூன்று எண்கள் வரையே அதில் பயன்படும். முதலாவது செயலற்றுப்போனால், ஒவ்வொரு தேடலும் சில நொடிகள் காத்திருந்த பின்னரே இரண்டாவதை அணுகும். 'எல்லாம் மெதுவாக இருக்கிறது' என்னும் முறையீட்டின் வேர் இங்கே இருக்கக்கூடும். இக்கோப்பை வேறு நிரல்கள் தாமே எழுதுவதும் உண்டு. அவ்வாறாயின் நம் திருத்தம் மறுநாள் மறைந்துவிடும்.

இங்கே ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது. டெபியன் வகை லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் நிரலின் பகுதிகள், பாதுகாப்புக்காகத் தனி அடைப்புக்குள் இயங்குவதுண்டு. அந்த அடைப்புக்குள் இருப்பது ரிசால்வ்.கான்ஃபின் நகல். மூலத்தைத் திருத்தினாலும் நகல் பழையதாகவே இருக்கக்கூடும். நாம் கேட்டால் விடை வரும். அஞ்சல் நிரல் கேட்டால் வராது. அப்பொழுது போஸ்ட்ஃபிக்ஸை மட்டும் மறுபடி தொடங்கினால் நகல் புதுப்பிக்கப்படும். மறுதொடக்கம் உண்மையில் மருந்தாகும் இடம் இது.

பெயர் கிடைத்தும் இணைப்பு இல்லையெனில், 'டெல்நெட்' கட்டளையால் மறுமுனையின் 25-ஆம் போர்ட்டைத் தொட்டுப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரவேற்பு வந்தால் பாதை திறந்திருக்கிறது. ஒன்றும் வராவிட்டால் இடையில் தடை இருக்கலாம். பல வளாகங்களில் எரிதங்களைத் தடுக்க இந்தப் போர்ட்டை அடைத்திருப்பார்கள். வளாகத்தின் அஞ்சல் சர்வர் வழியாக அனுப்ப அனுமதி கேட்பதே அங்கு நேர்வழி.

இணைப்பும் கிடைத்து, மறுமுனை மறுத்தால் அதன் எண்ணைப் பாருங்கள். 4-இல் தொடங்கினால் 'பிறகு வா' என்பது பொருள்; 5-இல் தொடங்கினால் 'ஏற்க மாட்டேன்' என்பது பொருள். மறுமுனையும் நம் பெயரைத் தேடுகிறது என்பதை மறவாதீர்கள். நம் எண்ணுக்குரிய பெயர் யாது, அப்பெயர் மீண்டும் அதே எண்ணைக் காட்டுகிறதா என்று அது சோதிக்கும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவ்விதியை வலியுறுத்துகின்றன. எண்ணிலிருந்து பெயர் காட்டும் குறிப்பை எழுதும் உரிமை அந்த எண்ணை உடையவரிடம் உள்ளது. வளாகத்தில் அது பெரும்பாலும் கணினி மையமாகும். நம் சர்வரில் எத்தனை மாற்றம் செய்தாலும் அது சரியாகாது.

நண்பர்களே, இவ்வளவு கவனம் ஏன் எனலாம். போஸ்ட்ஃபிக்ஸ் தன் இயல்பான அமைப்பில், போகாத அஞ்சலை ஐந்து நாட்கள் வரிசையில் வைத்து முயலும். அதுவரை அனுப்பியவருக்கு எச்சரிக்கை அனுப்பாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று திங்களன்று விண்ணப்பம் அனுப்பிய மாணவர், அது போய்ச் சேர்ந்தது என்றே நம்பியிருப்பார். சனியன்று அது திரும்பும்போது வாய்ப்பு கடந்திருக்கும். தாமத எச்சரிக்கையை நான்கு மணி நேரமாக அமைப்பது ஒரு வரி வேலை. அதை இன்றே செய்க. மாற்றியது எது, எந்நாளில், எதற்காக என்பதையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் தம்பி தங்கையர் இருளில் தேட வேண்டியதில்லை.