வலிக்காத கரும்புண்

முள் குத்தினால் வலிக்கிறது, உடனே பார்க்கிறோம். வலிக்காத புண்ணை யார் தேடிப் பார்ப்பார்கள்? ஆனால், ஓர் ஆபத்தான காய்ச்சலின் சிறந்த அடையாளம் வலிக்காத புண்தான்.

ஸ்கிரப் டைபஸ் என்னும் அந்நோயை உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். மாட்டின் காதில் ஒட்டியிருக்கும் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். இந்நோயைப் பரப்புவது அதுவன்று. அதன் உறவினமாகிய மைட் என்னும் சிற்றுயிரின் இளம்பருவம். வளர்ந்த மைட்டுக்குக் கால்கள் எட்டு, இளம்பருவத்தில் ஆறே. நீளம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். 25 சென்டிமீட்டர் தொலைவில் நம் கண் பிரித்தறியும் எல்லை சுமார் 0.1 மில்லிமீட்டர். பட்டு இழையோடு பழகிய காஞ்சிபுரத்து நெசவாளரின் கண்ணுக்கும், கணுக்காலில் ஏறும் இது எளிதில் புலப்படாது.

புதரிலும் வயல் வரப்பிலும் காத்திருக்கும் இது, உடலில் ஏறி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு போன்ற மறைவிடங்களில் கடிக்கும். இது குடிப்பது இரத்தமன்று, திசுநீர். அப்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா நம் உடலில் நுழைகிறது. அது நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குகிறது. கடித்த இடத்துத் திசு இறந்து, சிகரெட் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு உண்டாகிறது. இதுவே எஸ்கார். வியர்வை தங்கும் மடிப்புகளில் கருக்காமல் வெறும் புண்ணாகவும் இருக்கலாம். நோயாளிகள் எல்லாருக்கும் இது தோன்றுவதில்லை.

கடித்துச் சுமார் பத்து நாட்களில் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். கவனியாது விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படப் பெரும்பாலும் ஒரு வாரமாகும். புண்ணோ முன்பே தெரியும். டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசினை உரிய காலத்தில் மருத்துவர் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியும்.

பாலாற்றின் மேற்புறத்திலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2020 முதல் 2022 வரை வட தமிழகத்தின் 37 சிற்றூர்களை ஆராய்ந்தனர். ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இத்தொற்றுக்கு ஆளாவது தெரிந்தது. பலருக்குக் காய்ச்சலே வரவில்லை என்பதும் உண்மை. மழைக்குப் பின்வரும் குளிர்மாதங்களில் நோய் மிகுதி.

புதர்ப்பக்கம் போனால் முழுக்கால் உடை அணியுங்கள். வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளியுங்கள். காய்ச்சல் சில நாட்கள் நீடித்தால் உடலின் மறைவிடங்களையும் பாருங்கள். வலிக்காத புண் இருந்தால், கூச்சப்படாமல் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அது அவர்கள் கண்ணில் படாமலே போகலாம்.