உங்களுக்குத் தெரியுமா? அரிப்பு மாளிகையும் கண்டிப் போரின் ஆளுநரும்

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரிவில், அரிப்புக் கடலோரத்தில் இடிந்து நிற்பதும் ஊர்மக்களால் அல்லிராணி கோட்டை என அழைக்கப்படுவதுமான கட்டடம், இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநரான பிரெட்ரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடத் தங்குவதற்காகத் தாமே வரைந்து 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையாகும். இது 'டொரிக்' எனவும் வழங்குவதற்குக் காரணம், அணிவேலைப்பாடு குறைந்த, பருத்த தூண்களை உடைய பண்டைய கிரேக்கக் கட்டட மரபாகிய டொரிக் பாணியில் அது அமைந்தமையே ஆகும். கிரேக்கத்தின் மீது அவர் கொண்டிருந்த பற்று மேலோட்டமானதன்று. இலங்கைக்கு வருமுன்பே, 1791இல், கோர்பு தீவில் கிரேக்க மரபுவழித் திருச்சபையில் இணைந்த அவர், 1824இல் அதே தீவில் அயோனியக் கல்விக்கழகம் நிறுவப்படவும் முன்னின்றார்.

அமெரிக்கக் குடியேற்றங்களைப் பிரித்தானியா இழந்தபோது பிரதமராயிருந்த நோர்த் பிரபுவின் மகனான இவரும் போரில் தோல்வியையே கண்டார். 1803இல் இவர் அனுப்பிய படை கண்டி நகரைக் கைப்பற்றியபோதிலும், காய்ச்சலால் நலிந்த காவற்படை அவ்வாண்டு ஜூனில் சரணடைந்தபின் பெரும்பாலும் கொல்லப்பட்டது. அதன் தளபதி மேஜர் டேவி சிறைமீளாமலே இறந்தார். போர் நடந்த அதே ஆண்டுகளில் எழுந்த இம்மாளிகையைக் கடலரிப்பு இன்று சிறிது சிறிதாக விழுங்கி வருகின்றது.