பிள்ளையின் டேப்புக்கு ஓர் உறை

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பள்ளிக்கூடங்களின் கதவுகள் அடைபட்டபோது, பாடம் வீட்டைத் தேடி வந்தது. அதனோடு, ‘டேப்’ என்று நம் பிள்ளைகள் அழைக்கும் பலகைக் கணினியும் பல இல்லங்களுக்குள் வந்து சேர்ந்தது. பின்னர்ப் பள்ளிகள் திறந்தன; கருவியோ வீட்டிலேயே தங்கிவிட்டது. மேச்சேரி, ஓமலூர், மேட்டூர் வட்டாரங்களில் தறியையும் நிலத்தையும் ஆலை வேலையையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு அது எளிதில் வாங்கிய பொருள் அன்று. ஒரே கருவியில் அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் படிக்கும் வீடுகள் உண்டு. அது கைதவறி விழுந்தால் நொறுங்குவது கண்ணாடி மட்டுமோ? பழுதுபார்க்கப் பணம் சேரும்வரை பிள்ளைகளின் பாடமும் அன்றோ நின்றுபோகிறது! ஆகவே, அக்கருவிக்கு உறை தேர்வதைச் சிறு காரியமென்று ஒதுக்கிவிட இயலாது.

எதிலிருந்து காப்பது?

முதற்கண், விழுதல். டேப் தட்டையாக விழுவதைவிட மூலை குத்தி விழும்போதே பெரும்பாலும் கண்ணாடி உடைகிறது. அடியின் வேகம் முழுவதும் ஒரு சிறு புள்ளியில் இறங்குவதே காரணம். எனவே நான்கு மூலைகளிலும் தடித்திருக்கும் உறையையே தேட வேண்டும். அன்றியும், உறையின் விளிம்பு கண்ணாடியைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். அப்போதுதான் குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையைத் தொடாது.

இரண்டாவது, புத்தகப் பை. பாடநூல்களும் சோற்று டப்பாவும் தண்ணீர்ப் புட்டியும் நெருக்கும் பைக்குள், மேல்மூடி இல்லாத டேப் வளைந்து விரிசல் காணும். பள்ளிக்கோ தனிவகுப்புக்கோ எடுத்துச் செல்லும் பிள்ளைக்கு விறைப்பான மூடியுள்ள உறை தேவை. வீட்டை விட்டு வெளியேறாத கருவிக்கு அது வேண்டியதில்லை.

மூன்றாவது, வெப்பம். இதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஐபேடை 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் இயக்க வேண்டாம் என்று அதைச் செய்யும் ஆப்பிள் நிறுவனமே அறிவுறுத்துகிறது. நம் சேலத்துச் சமவெளியிலோ சித்திரை மாதத்தில் 38 பாகையைக் கடக்கும் நாட்கள் பல. தகரக் கூரையின் கீழோ, வெயிலில் நிறுத்திய வண்டியினுள்ளோ சூடு இன்னும் ஏறும். தடித்த உறை இச்சூட்டை வெளியேற விடாது. ஆதலால், மின்னேற்றும்போது டேப் சுடுமாயின் உறையைக் கழற்றிவிடுவது நலம். எளிதில் கழற்ற இயலாத உறை நம் ஊருக்கு ஏற்றதன்று.

எந்தப் பொருளால் ஆனது?

மேச்சேரி என்றதும் நினைவுக்கு வருவது இவ்வூரின் பெயரைத் தாங்கிய செம்மறியினம். அதன் தோலின் உயர்வைத் தோல் வணிகர் நன்கறிவர். அவ்வினத்தைப் பேணி வளர்க்க அருகிலுள்ள பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. தோலின் மேன்மை அறிந்த ஊராருக்குத் தோலுறையே சிறந்தது என்று தோன்றுவது இயல்பே. பார்வைக்கு அழகும் கைக்கு இதமும் அதற்கு உண்டு, கீறலையும் தடுக்கும். ஆயினும் மெல்லிய தோல் மட்டும் மூலையில் விழும் அடியைத் தாங்காது. மழையில் நனைந்தால் பூஞ்சணம் பூக்கும். பொறுப்பறிந்த கல்லூரி மாணவருக்கு அது போதும். துள்ளி ஓடும் சிறுவனுக்குப் போதாது.

சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது காலணியின் அடிப்பாகத்தில் வைக்கும் ‘ஈ.வி.ஏ.’ என்னும் நுரைப்பொருளால் ஆன உறை. எடை குறைவு, அடியை நன்கு உள்வாங்கும், பிடித்துத் தூக்கக் கைப்பிடியும் இருக்கும். இடத்தை அடைப்பதே அதன் குறை. சிலிக்கோன் உறை வழுக்காது, கழுவவும் எளிது. ஆனால் தூசி ஒட்டும், நாளடைவில் தளரும். உள்ளே மென்மையும் வெளியே கடினமுமாக இரண்டு அடுக்கில் வரும் உறை, பையில் எடுத்துச் செல்லும் நடுத்தர வயதுப் பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தும்.

விளம்பரச் சொற்கள்

‘இராணுவத் தரம்’ என்று சில அட்டைகளில் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்கப் படைத்துறையின் 810 என்னும் எண்ணுள்ள சோதனை விதியையே அது குறிக்கும். அதிலுள்ள ஒரு சோதனையில், பொருளை ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 விதமாகப் போட்டுப் பார்ப்பார்கள்: முகங்கள் 6, விளிம்புகள் 12, மூலைகள் 8. நல்ல சோதனைதான். ஆனால் இதற்கெனச் சான்றிதழ் வழங்கும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை. உற்பத்தியாளரே சோதித்து, தாமே எழுதிக்கொள்ளலாம். ஆகவே, எத்தனை முறை, எவ்வளவு உயரத்திலிருந்து சோதித்தார்கள் என்று அட்டையில் கண்டிருந்தால் மட்டும் அதற்கு மதிப்புக் கொடுங்கள்.

கடைக்குச் செல்லும்போது டேப்பையும் உடன் கொண்டுசெல்லுங்கள். திரையின் அளவு ஒன்றாயினும் மாதிரிக்கு மாதிரி பொத்தானும் காமிராத் துளையும் இடம் மாறும். மின்னேற்றும் வாய் திறந்திருக்கிறதா, மேசைமேல் சாய்த்து நிறுத்தத் தாங்கி உண்டா என்று பாருங்கள். தாங்கி இருந்தால் பிள்ளை கழுத்தைக் குனிந்து மடியில் வைத்துப் படிக்க வேண்டியதில்லை. காந்தம் வைத்த மூடியானால், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்திய தாத்தா பாட்டியின் மார்பருகே அதை வைக்கலாகாது. விலையிலும் அளவு வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாது.

உறைக்குள் மறைவது

எந்த உறையும் எல்லா வீழ்ச்சியிலிருந்தும் காத்துவிடாது. ஒரு நாள் டேப் உடையலாம். அடிக்கு அஞ்சும் பிள்ளை அதைச் சொல்லாது. உறையை மூடிவைத்துத் தொடர்ந்து பயன்படுத்தும். கண்ணாடித் துகள் விரலில் ஏறும். அதனினும் கொடிது, அடிபட்ட மின்கலம் உப்பிப் போவது. லித்தியம் மின்கலம் உப்பினால் தீப்பிடிக்கவும் கூடும். இறுக்கமான உறையோ அந்த உப்பலைக் கண்ணுக்குக் காட்டாது. காக்க வந்த உறையே ஆபத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது!

ஆகவே பெற்றோரே, மாதத்தின் முதல் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், பிள்ளையையே உறையைக் கழற்றச் சொல்லுங்கள். உலர்ந்த துணியால் தூசியை அவனே துடைக்கட்டும். விரிசல் உண்டா, பின்புறம் புடைத்திருக்கிறதா, திரை மேலெழும்பி நிற்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள். புடைப்பைக் கண்டால் அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ வேண்டாம். அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரிடம் சேர்த்துவிடுங்கள். விரிசலைப் பிள்ளையே முன்வந்து சொன்னால், உண்மை சொன்னதற்காக முதலில் அவனைப் பாராட்டுங்கள். பழுதுச் செலவைப் பற்றிப் பிறகு பேசலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையில், பிள்ளைகளைக் காக்கும் பெற்றோரின் கடமையை நினைவூட்டியது. அன்று டேப் இல்லை. கடமை மட்டும் மாறவில்லை. திரையில் தகாத ஒன்றைக் கண்டு கலங்கும் பிள்ளையும் முதலில் நம்மிடமே ஓடி வர வேண்டும். உடைந்த கண்ணாடியை அஞ்சாமல் காட்டப் பழகிய பிள்ளை, அதையும் நம்மிடம் மறைக்காது.