பார வண்டியில் கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம்: காரணம் அறிந்து நீக்கும் முறை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்துள்ள ஸ்ரீரங்கத் தீவு வாழை சாகுபடிக்குப் பேர்போனது. முற்காலத்தில் இத்தீவின் வாழைத்தார்கள் மாட்டு வண்டிகளில் ஏறித் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றன. இக்காலத்தில் அவ்வேலையைப் பிக்கப் என்றும் குட்டி யானை என்றும் ஜனங்கள் அழைக்கும் சிறு மோட்டார் பார வண்டிகள் செய்து வருகின்றன. மாட்டுக்கு நோய் கண்டால் அது தீனி எடுக்காமல் நின்று நமக்குத் தெரிவித்துவிடும். மோட்டார் வண்டியோ பெரும்பாலும் சத்தத்தினாலேயே தன் நோயைத் தெரிவிக்கிறது. அச்சத்தத்தை அலட்சியம் செய்வதும் தவறு. காரணம் அறியாமல் எஞ்சினைப் பிரிக்கச் சொல்வதும் தவறு. இரண்டு தவறுகளையும் நானே செய்தவனாகையால், மற்ற விவசாயிகளுக்குப் பயன்படும் என்று கருதி என் அநுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

உத்தமர்சீலிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தார்களை ஏற்றிக்கொண்டு, திருவானைக்காவல் வழியாகக் காந்தி மார்க்கெட் மண்டிக்குப் போவது என் வண்டியின் வழக்கம். ஒரு சமயம் வண்டி ஓடும்போது ‘டிக், டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கலாயிற்று. காவிரிப் பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போது எந்த வண்டியும் ‘தடக், தடக்’ என்னும். அதுபோன்றதே இதுவும் என்று முதலில் எண்ணிவிட்டேன். பாலம் கடந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை. ஒரு பட்டறையில் எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள், டாப்பெட் இடைவெளியைச் சரிசெய்தார்கள், சத்தம் போகவில்லை. எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அறுவடைக் காலத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டால் முற்றிய தார் காத்திருக்குமா?

அச்சமயம், இளமையில் மாட்டு வண்டி ஓட்டிய அண்டைத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டால் இந்தச் சத்தம் வருகிறதா?” அதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. உடனே செய்து பார்த்தோம். வண்டி நின்றது, எஞ்சின் ஓடியது, சத்தம் இல்லை. ஆகவே குற்றம் எஞ்சினில் இல்லை, உருளும் பாகத்தில் இருக்கிறது என்பது அந்த நிமிஷமே தெளிவாயிற்று.

இனி எந்தச் சக்கரம் என்று அறிய வேண்டும். ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டோம். தோட்டத்துப் பாதையில் வண்டியை மனிதர் நடக்கும் வேகத்தில் ஓட்டச் செய்து, பெரியவர் சற்று விலகிப் பக்கத்திலேயே நடந்து வந்தார். பின்புறத்து இடது சக்கரத்தின் கோடு கீழே வரும்போதெல்லாம் ஒரு ‘டிக்’ கேட்டது. சக்கரத்தின் நட்டுகளை ஸ்பானரால் சோதித்ததில் இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றைச் சுற்றித் துருப் பொடி படிந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க, அதன் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்து, ஒரு போல்ட் பாதி விரிசல் விட்டிருந்தது. சில வாரங்களுக்கு முன் பஞ்சர் ஒட்டி மாட்டிய சக்கரம் அது. மாட்டிய பின் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்க்காதது என் குற்றமே. முழுப் பாரத்துடன் பாலத்தின் நடுவே அச்சக்கரம் கழன்றிருந்தால் நேரக்கூடியதை எண்ண இன்றும் மனம் நடுங்குகிறது. போல்ட்டுகளையும் சக்கரத்தையும் புதிதாக மாற்றியதும் சத்தம் ஒழிந்தது.

இவ்விதச் சத்தத்தை ஆராயும் முறை பின்வருமாறு:

1. வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓட்டுக. சத்தம் இருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது விரைந்தால் குற்றம் எஞ்சினைச் சார்ந்தது. வண்டி உருளும்போது மட்டும் கேட்டால் சக்கரம், அச்சு முதலியவற்றைச் சார்ந்தது.

2. சத்தத்தை எண்ணுக. சிறு பார வண்டியின் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2 மீட்டர் செல்லும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்கு 80 சுற்றுக்குச் சற்று அதிகம். பின்னச்சை ஓட்டும் நீண்ட தண்டு அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு சுழலும். நின்ற நிலையில் எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுழன்றால், ஒரு வால்வு 400 தடவை திறந்து மூடும். எண்ணிக்கையே இடத்தைக் காட்டிவிடும்.

3. உருளும் பாகமாயின், முதலில் டயர்ப் பள்ளங்களில் கல், ஆணி உண்டா என்று பார்க்க. ஆணியைப் பிடுங்குமுன் மாற்றுச் சக்கரம் கையிலிருப்பது நல்லது. பிறகு எல்லா நட்டுகளையும் சோதிக்க. அதன்பின் நீண்ட தண்டின் ‘கிராஸ்’ தேய்ந்துள்ளதா, கிரீஸ் வறண்டுள்ளதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்ப்பிக்க.

4. எஞ்சினாயின், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிஷம் கழித்து ஆயில் அளவைப் பார்க்க. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். குளிர்ந்திருக்கையில் பலமாகவும் சூடேறியபின் மெல்லவும் சத்தம் கேட்டால், சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் பாக்கிங் கசிந்திருக்கக்கூடும்; அங்கே கரி படிந்திருப்பது அதற்கு அடையாளம். டாப்பெட் இடைவெளியை வண்டிக்குரிய கைப்புத்தகத்தில் கண்ட அளவுப்படியே வைக்க வேண்டும்.

சோதிக்கும்போது துண்டையும் வேட்டி நுனியையும் ஓடும் பெல்ட்டின் அருகே விடலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது; சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தல் அவசியம். நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக முடுக்கி, வண்டியைத் தரையில் இறக்கியபின் மறுபடி இறுக்க வேண்டும். சக்கரம் மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் இன்னொரு முறை சோதித்தல் நலம்.

1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலத்தையே இணைப்புகளைப் பழுதுபார்ப்பதற்காக 2022 நவம்பரில் மூடி, 2023 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அம்மாதங்களில் சுற்றுவழியில் தார் ஏற்றிச் சென்ற நாம் அதன் சிரமத்தை அறிவோம். ஆயினும் பாலத்துக்கு வேண்டிய பராமரிப்பு அதன்மேல் ஓடும் வண்டிக்கும் வேண்டுமன்றோ? கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இக்குறிப்பைக் கிராம சபைக் கூட்டங்களில் படித்துக் காட்டினால் அநேகருக்கு நன்மை உண்டாகும். வண்டி வைத்துள்ள விவசாயிகள் பாரம் ஏற்றுமுன் ஒவ்வொரு நாளும் ஒரு முறை சக்கரத்து நட்டுகளைச் சுற்றிப் பார்ப்பார்களாக. அதற்குச் செல்லும் நேரம் ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்கு மேற்படாது.