வீட்டுல படிச்சா காலேஜ் சீட் கிடைக்குமா?

உங்க தம்பி ஸ்கூலுக்கு முழுக்குப் போட்டுட்டு, வீட்டிலேயே ப்ளஸ் டூ படிக்கப் போறானா? தாராளமா படிக்கட்டும்! ஆனா பணம் கட்டும் முன்னாடி, 'சர்ட்டிஃபிகேட் தரப்போற போர்டு எது?'ன்னு கேளுங்க பாஸ். பளபள நோட்டீஸ்ல 'அங்கீகாரம் பெற்றது'ன்னு யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம்.

1989-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய திறந்தநிலைப் பள்ளியில (என்.ஐ.ஓ.எஸ்.) அந்தப் பயம் இல்லை. ஐந்து பாடம், ஐந்து வருஷம், ஒன்பது வாய்ப்பு! சிக்கலே பாடத் தேர்வுலதான். இன்ஜினீயரிங் ஆசையை வெச்சுக்கிட்டு, ஈஸியா இருக்கேன்னு இயற்பியலையும் கணிதத்தையும் விட்டா, மார்க் வரும், சீட் வராது. டாக்டர் கனவா? திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுதலாமாங்கிற வழக்கு 2024-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிஞ்சது. எழுதலாம்!

ஆங்... பிராக்டிகலுக்கு மட்டும் தம்பி வீட்டைவிட்டு வெளியே வந்துதான் ஆகணும். அது படிப்பு மையத்துலதான்!