நம் வீட்டு மேஜையை நாமே செய்வோம்

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம் கொரட்டூரையும் விட்டுவைக்கவில்லை. ஏரி நிரம்பித் தெருக்களிலும் வீடுகளிலும் ஜலம் புகுந்தது. அது வடிந்த பிறகு வாசல்களில் எடுத்துப் போடப்பட்டிருந்த சாமான்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகப் புலப்பட்டிருக்கும். தாத்தா காலத்து வேப்பமர பெஞ்சு, பூவரசங்கால் போட்ட கட்டில் முதலியவை துடைக்கப்பட்டு, நிழலில் உலர்ந்து, மறுபடியும் கூடத்துக்குத் திரும்பின. கடையிலிருந்து பளபளப்பாக வந்து இறங்கிய மேஜைகளும் அலமாரிகளுமோ, ஊறிய அப்பளம் போல் உப்பி, மூட்டு விட்டுப் பொடிப்பொடியாக உதிர்ந்து குப்பை வண்டி ஏறின.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இந்தக் காலத்துச் சாமான்களில் பெரும்பகுதி மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாள்தான் அவற்றுக்குத் தேக்கின் முகத்தைக் கொடுக்கிறது. விளிம்பு வழியாக ஜலம் உள்ளே புகுந்தால், அழுத்தப்பட்ட சிராய்கள் ஊதிவிடுகின்றன. உலர்ந்தாலும் பழைய நிலைக்கு வருவதில்லை. அசல் மரமும் நனைந்தால் பருக்கத்தான் செய்யும். ஆனால் உலர்ந்ததும் பெரும்பாலும் சுருங்கித் தன் வடிவத்துக்கு வந்துவிடும்.

‘நல்ல மரத்தில் வாங்கிவிடுவதுதானே?’ என்பீர்கள். மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு அது எளிதல்ல என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ‘அப்படியானால் நாமே செய்துகொண்டால் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். படித்த வீடுகளில் இதற்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: “அதெல்லாம் ஆசாரி வேலை, நமக்கு எப்படி வரும்?”

இந்தப் பதிலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கருவி இல்லை என்றோ, அவகாசம் இல்லை என்றோ அது சொல்லவில்லை. பிறப்பைச் சொல்கிறது. நம் நாட்டில் தச்சு வித்தை தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைவழியாகவே வந்தது. நாற்காலியின் அளவு ஆசாரியின் ஞாபகத்திலும் முழக்கோலிலும் இருந்ததே அன்றிக் காகிதத்தில் இல்லை. புத்தகம் வைத்திருந்தவன் உளியைத் தொடவில்லை. உளி பிடித்தவனுக்குப் புத்தகம் எளிதில் கிட்டவில்லை. இதனால் இரு தரப்பாருக்கும் நஷ்டம். யாருக்கு அதிக நஷ்டம் என்று கேட்டால், ஆசாரிக்குத்தான் என்பேன். படிப்பில்லாத கை என்று கூலியைக் குறைத்தார்கள் அல்லவா?

இந்தச் சுவரை இடிக்க ஒரு முயற்சி 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் நடந்தது. மகாத்மா காந்தி கூட்டிய கல்வி மகாநாட்டில், கைத்தொழில் ஒன்றை மையமாக வைத்தே குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பாடத்திட்டம் வகுக்க டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதை நடத்திச் சென்ற அமைப்பாளர், இலங்கைத் தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகம். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் அதில் ஓர் அங்கத்தினர். நூற்பும் நெசவும் போலவே தச்சு வேலையும் அவர்கள் ஏற்றுக்கொண்ட தொழில்களில் ஒன்று. எந்தக் குலத்துப் பிள்ளையானாலும் பலகையை அளந்து, கணக்கிட்டு, அறுத்து, இழைத்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி.

இதற்கு நேர்மாறான காரியமும் நம் மாகாணத்திலேயே நடந்தது. 1953-இல் ராஜாஜியின் மந்திரிசபை கிராமத்து ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைப் பாதியாக்கி, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் பெற்று, பலத்த எதிர்ப்புக்கு ஆளாகி, 1954-இல் அது கைவிடப்பட்டது. இரண்டிலும் கைத்தொழில் இருந்தது. ஆகவே இரண்டும் ஒன்றுதானே என்று இன்றைக்கும் சிலர் வாதிக்கிறார்கள். ஒன்றல்ல. ஆசாரி மகனை உளியோடு நிறுத்துவது வேறு. வக்கீல் மகன் கையில் உளியைக் கொடுப்பது வேறு. அந்தச் சண்டையில் நேர்ந்த பெரிய துர்ப்பாக்கியம், கைத்தொழில் என்ற சொல்லே பள்ளிக்கூடத்தில் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டதுதான். கரும்பலகையில் முக்கோணம் போடும் நாங்கள், அதை மரத்தில் போட்டுக் காட்டுவதே இல்லை.

காகிதத்தில் வரைந்த படம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. ஆசாரியின் ஞாபகத்திலிருக்கும் அளவுகளைப் படமாக்கிவிட்டால், வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அது பொதுச் சொத்தாகிவிடும். இத்தாலி தேசத்து மிலான் நகரில் என்ஸோ மாரி (1932-2020) என்றொரு வடிவமைப்பாளர் இருந்தார். 1974-இல் அவர் மேஜை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று 19 சாமான்களுக்குப் படம் வரைந்து, தபால் செலவை மட்டும் அனுப்பியவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் இவ்வளவே போதும். எவரும் செய்துகொள்ளலாம், ஆலைக்காரர்களும் வியாபாரிகளும் மட்டும் செய்யக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சிக்கனம் அவருடைய முதல் நோக்கமல்ல. ஒரு நாற்காலியைத் தானே செய்து பார்த்தவன், அப்புறம் கடை நாற்காலியை வேறு கண்ணோடு பார்ப்பான் என்று அவர் நம்பினார். பிற்காலத்தில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த அகதி இளைஞர்கள் சிலர் பெர்லின் நகரில் ‘குகுலா’ என்ற பட்டறையில் அதே படங்களைப் பார்த்து நாற்காலி செய்து விற்றுப் பிழைக்க, மாரி தாமே அனுமதி கொடுத்தார். கரை சேர்ந்த படகுகளின் பலகைத் துண்டுகளும் சில நாற்காலிகளில் சேர்க்கப்பட்டன.

படம் இருந்தால் ஆசாரி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமல்ல. புதுச்சேரி ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதியைப் பார்த்தவர்கள் அங்குள்ள தேக்குச் சாமான்களின் அழகை மறக்க மாட்டார்கள். அந்தக் கட்டட வேலையை மேற்பார்க்க 1937-இல் வந்து, சாமான்களையும் வடிவமைத்தவர் ஜார்ஜ் நகாஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர். படம் வரையும் சிற்பியாக வந்தவர், உலகம் போற்றும் தச்சரானது பிற்பாடு நடந்த கதை. 1942-இல் அமெரிக்க அரசாங்கம் ஜப்பானிய வம்சத்தாரை முகாம்களில் அடைத்தபோது, ஐடஹோ முகாமில் உடனிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் அவர் முறையாக வேலை பழகினார். ஆகையால் உங்கள் தெருவில் வயதான ஆசாரி ஒருவர் இருந்தால், படத்தை எடுத்துக்கொண்டு முதலில் அவரிடம் போங்கள். இழைப்புளி பிடிக்கும் விதத்தை அரை மணி நேரத்தில் அவர் காட்டிவிடுவார். எந்தப் படத்தாலும் அது முடியாது.

மரத்துக்கு எங்கே போவது? கொரட்டூர்வாசிகளுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி அம்பத்தூர். அங்குள்ள தொழிற்பேட்டைக்கு இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் பைன் முதலிய லேசான மரத்தால் அடித்த பெட்டிகளிலும் தட்டுப் பலகைகளிலும் வந்து இறங்குகின்றன. பெட்டியைப் பிரித்த பிறகு பலகை பழைய மரக்காரரிடம் போகிறது. தேக்குக்கு இது ஈடல்ல என்பது உண்மையே. ஆனால் கற்றுக்கொள்ளுகிறவனுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது: மிருதுவானது, நேரான ரேகை உடையது, கெட்டுப் போனாலும் மனம் பதறாது.

வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். தேசம் விட்டுத் தேசம் செல்லும் மரப்பெட்டிகளில் பூச்சி வராமல் தடுக்க 2002-இல் ஒரு சர்வதேச விதி ஏற்பட்டது. அதன்படி, கோதுமைக் கதிர் சின்னத்தோடு சில ஆங்கில எழுத்துக்களைப் பலகையில் பொறித்திருப்பார்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் நடுப்பாகம் வரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிஷம் ஏற்றப்பட்டது என்று பொருள், தாராளமாக வாங்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் விஷவாயுப் புகை போடப்பட்டது. குழந்தைகள் புழங்கும் சாமானுக்கு அது வேண்டாம். எண்ணெய்க் கறையோ மருந்து நெடியோ உள்ளதையும் ஒதுக்கிவிடுங்கள். பலகைமீது ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. புதைந்து கிடக்கும் ஒற்றை ஆணி, ரம்பத்தின் பல்லையெல்லாம் கொண்டுபோய்விடும்.

இனிக் காரியத்துக்கு வருவோம். முதல் வேலைக்கு நான் சிபாரிசு செய்வது, கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதிய சாய்வு மேஜை. சிறு வீட்டில் இடத்தை அடைக்காது. பள்ளிப் பிள்ளைக்கு முதுகு கூனாது. கட்டம் போட்ட காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல நீங்களே படத்தை வரையுங்கள். இழைத்த பிறகு 4 அங்குல அகலமும் முக்கால் அங்குலத் தடிமனும் நிற்கும் பலகை சுமார் 24 அடி வேண்டும்.

மேற்பலகை 24 அங்குல நீளம், 16 அங்குல அகலம்; அதாவது நான்கு பலகைகள் பக்கம் பக்கமாக. இரண்டு பக்கச் சுவர்கள், ஒவ்வொன்றும் 15 அங்குல நீளம். முன்னால் 8 அங்குல உயரம், பின்னால் 11 அங்குலம். அடியில் இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் 8 அங்குலம் வந்துவிடும். மேலே வரும் சாய்வுக்கு ஒரு யுக்தி இருக்கிறது. 15 அங்குல நீளமும் 3 அங்குல அகலமுமான ஒரே துண்டை மூலைக்கு மூலை அறுங்கள். ஒரே அளவான இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரண்டு பக்கச் சாய்வும் ஒத்துப்போகுமா என்ற கவலையே இல்லை. கூர்முனை சற்று உடைந்தாலும் பாதகமில்லை, மேற்பலகையின் கீழ் மறைந்துவிடும்.

முதுகுப் பலகையின் நீளம் எவ்வளவு? இங்கேதான் கணக்குத் தெரிந்தவர்களே ஏமாறுகிறார்கள். மேற்பலகை இருபுறமும் ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே 24-இல் 2 போக 22. அது சுவர்களின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் உள்ள தூரம். முதுகுப் பலகை உட்புறத்தில் அல்லவா உட்காருகிறது? இரண்டு சுவர்களின் தடிமன் ஒன்றரை அங்குலத்தையும் கழித்தால் இருபதரை. இந்த நீளத்தில் இரண்டு துண்டுகள் போதும். ரம்பம் தன் வாயில் போட்டுக்கொள்ளும் மரத்துக்கும் கணக்கு உண்டு. ஆகையால் கோட்டின்மேல் அறுக்காமல், வேண்டாத பக்கமாக ஒட்டி அறுங்கள்.

பலகைகளை ஒன்றோடொன்று பிணைக்க ஒன்றரை அங்குல அகலச் சட்டங்கள் வேண்டும். ஒவ்வொரு சுவரின் உட்புறத்திலும் செங்குத்தாக இரண்டு: முன்னால் ஆறரை அங்குல உயரம், பின்னால் 9 அங்குலம். பின்சட்டத்தைச் சுவரின் கடைசி விளிம்பில் வைக்காமல் முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி வையுங்கள். அந்த இடைவெளியில் முதுகுப் பலகை கச்சிதமாக உட்காரும். அதைப் பின்னாலிருந்து சட்டத்தில் முடுக்கிவிடலாம். பலகையின் முனையில் நேராகத் திருகாணி ஏற்றினால் பிடிப்பு இராது. ரேகைக்குக் குறுக்காக ஏறினால்தான் கடிக்கும். ஒண்ணேகால் அங்குலத் திருகாணி போதும், அதற்கு மேல் போனால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். முதலில் சிறு துளை போட்டுக்கொள்ளாவிட்டால் பைன் பலகை பிளந்துவிடும்.

மேற்பலகையின் அடியில் 13 அங்குலச் சட்டங்கள் இரண்டு, சுவர்களின் உட்பக்கத்தை ஒட்டினாற்போல். இவற்றில் போடும் துளைகளை மட்டும், சட்டத்தின் நீளவாக்கில் சற்று நீளமாகத் தோண்டுங்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. அகலவாக்கில் ஐப்பசி மழைக்குப் பருத்துச் சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். திருகாணி நகர இடம் இல்லாவிட்டால் பலகை வெடிக்கும். இதே காரணத்தால் மேற்பலகைகளின் இடுக்கிலும் பசை வேண்டாம். கடைசியாக, சுவரின் வெளியிலிருந்து இந்தச் சட்டத்தில் முடுக்கிவிட்டால் மேஜை எழுந்து நிற்கும். பென்சில் உருளாமலிருக்கக் கீழ் விளிம்பில் ஒரு மெல்லிய ரீப்பர் அடித்துக்கொள்ளலாம்.

சுவர்ப் பலகைகளின் இடையில் மட்டும் பசை போடுங்கள். ஒரு காலத்தில் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைச் சூடு பண்ணித் தடவினார்கள்; 1959-இல் பெவிகால் வந்தபின் அந்த நாற்றம் வீடுகளை விட்டு ஒழிந்தது. ஒட்டிய பலகைகளை இறுக்கிப் பிடிக்க விலையுயர்ந்த கருவி எதற்கு? கயிற்றால் சுற்றிக் கட்டி, நடுவில் ஆப்புச் செருகி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஆணி அடிக்குமுன் எதிரெதிர் மூலைகளுக்கு நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு நூலும் ஒரே நீளமாயிருந்தால் சட்டம் சதுரம் தப்பவில்லை.

உப்புத்தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைப் பழந்துணியால் மெல்லிசாகத் தடவி, ஒருநாள் விட்டு மறுபடியும் ஒரு பூச்சுக் கொடுங்கள். வேலை முடிந்ததும் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். இந்த எண்ணெய் உலரும்போது தானாகவே உஷ்ணம் உண்டாகிறது. சுருண்டு கிடக்கும் துணி தீப்பற்றிக்கொள்வதும் உண்டு. ஜலத்தில் நனைத்து, வெளியே கொடியில் விரித்து, நன்றாகக் காய்ந்து விறைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். மேஜையையும் எண்ணெய்ப் பிசுக்கு அடங்கும்வரை இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்துவிட்டு, அப்புறம் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தை அதன்மேல் வைக்கலாம்.